ஜமேதாரின் மூக்கும் ஹயாத் பாஷாவின் கையும்

1944ஆம் வருஷம் திருத்தணியில் ரேஷன் இல்லாமல் கிடைத்த ஒரே பொருள் யோசனை. அரிசிக்குக் கார்டு, சர்க்கரைக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. யோசனைக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் தும்மினால் ஆறு பேர் வைத்தியம் சொல்வார்கள். அந்த ஆறு பேரில் நாலு பேர் சொல்லும்போதே இருமுவார்கள்.

நான் அப்போது திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் போய்வந்த ஒரு கரி பஸ்ஸில் கண்டக்டர். பெயர் கண்ணையன். பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். ஹயாத் பாஷாவின் வாழ்க்கையை எழுத நான்தான் அகப்பட்டேன். அவர் சண்டைக்குப் போகவில்லை, ஜெயிலுக்குப் போகவில்லை, மேடை ஏறிப் பேசவில்லை. சித்தூருக்கு ஒரு தடவை போயிருக்கிறார், அதுவும் பல் பிடுங்க.

கரி பஸ் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் விளங்கும். இருந்த பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டினார்கள். அதில் மரக்கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் தள்ள, வாங்காத பிரமுகர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று உற்சாகப்படுத்துவார்கள்.

அந்த உருளைக்குத் தீ மூட்டுகிறவர்தான் ஹயாத் பாஷா. பிறந்தது அரக்கோணத்தில். அப்பா மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடித்தவர். இவர் சின்ன வயதில் அப்பாவின் உலைக்குத் துருத்தி ஊதினார், பிறகு இருபது வருஷம் ஒரு ரொட்டிக் கிடங்கில் அடுப்பு எரித்தார், மைதா கிடைக்காமல் கிடங்கு மூடியதும் எங்கள் பஸ்ஸுக்கு வந்தார். ஐம்பது வயது வரை அவர் செய்த வேலையெல்லாம் நெருப்புக்குப் பக்கத்தில்தான். ஒரே மகளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவரும் அவர் மனைவி அஸ்கரி பேகமும் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள்.

காலை ஐந்தரைக்கு வந்து கரி மூட்டையைப் பிரிப்பார். உருளையை நிரப்பித் தீ வைத்து, காற்றுச் சக்கரத்தை அரை மணி நேரம் கையால் சுற்றுவார். அதற்குள் பொட்டு வெள்ளை இல்லாமல் கறுத்துவிடுவார். ஆனால் ஷெட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தகரப்பெட்டி ஒன்று தொங்கும். அதற்குள் தொழுகைக்கென்று ஒரு வெள்ளை ஜிப்பாவும் கைலியும் இருக்கும். அந்தப் பெட்டியின் பக்கம் நாங்கள் யாரும் மூச்சுக்கூட விட முடியாது. நாள் முழுக்கக் கரியில் புரளும் இந்த மனிதர் உலகத்திலேயே அஞ்சியது ஒன்றுக்குத்தான்: நாயின் மூக்குக்கு.

நான் ஒரு நாள் சீண்டிப் பார்த்தேன். "இன்னா பாய், தலையிலேர்ந்து கால் வரைக்கும் கரி. அது பரவால்ல, நாய் மூக்கு பட்டா மட்டும் ஆவாதா?"

"கரி வெறும் அழுக்கு, கண்ணையா. தட்டினா பூடும். நாய் ஈரம் அப்டி இல்ல. பட்டா ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு போட்டு. எங்க வூட்டு வழக்கம் அது. அது வேற, இது வேற."

இப்படிப்பட்டவரைத்தான் தேடிப்பிடித்து வந்தது ஒரு நாய். மார்கழிக் குளிரில் எங்கிருந்தோ வந்து, அணைத்தும் சூடு ஆறாத உருளையை ஒட்டிப் படுத்துக்கொண்டது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். யாரையும் மதிக்காமல் நடு ஷெட்டில் காலை நீட்டிப் படுத்த தோரணையைப் பார்த்து டிரைவர் சேட்டு அதற்கு ஜமேதார் என்று பெயர் வைத்தான். ஹயாத் பாஷா தீக்கோலை ஓங்கி விரட்டினார். அது பத்தடி போய் உட்கார்ந்து, அவர் அசந்ததும் பத்தடி திரும்பி வந்தது. கடைசியில் அவர் தரையில் கரியால் ஒரு கோடு போட்டு, "இதுக்கு அப்பால" என்றார். எல்லை வகுத்த எல்லோருக்கும் நடப்பதே அவருக்கும் நடந்தது. ஜமேதார் கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டது.

பங்குனி பிறந்ததும் நாயின் மூக்கு காய ஆரம்பித்தது. ஆனி மாதம் ஆனபோது பளபளப்பெல்லாம் போய், வெளுத்து, பொருக்குத் தட்டி, குறுக்கும் நெடுக்கும் வெடித்திருந்தது. ஆகாரத்தில் மூக்கு பட்டாலே முனகும். உடனே எங்கள் பஸ் ஸ்டாண்டின் வைத்திய சபை கூடியது.

"மூக்கு காஞ்ச நாயி சும்மா இருக்காது. உள்ள வெறி ஏறிகினு கீதுன்னு அர்த்தம்" என்றான் சேட்டு. இவன் சொன்னது நாயைப் பற்றி. எஞ்சினில் சத்தம் வந்தால் அதற்கு இவன் சொல்லும் காரணம் எதுவும் இதுவரை சரியாக இருந்ததில்லை. ஆனாலும் கழிவு எண்ணெயை எடுத்து மூக்கில் பூசினான். நாய் அதை நக்கி இரண்டு நாள் வாந்தி எடுத்தது. இட்லி விற்கும் பாஞ்சாலி மஞ்சளைக் குழைத்து அப்பினாள். வாந்தி நின்று, நாய் மஞ்சள் பூசிய கல்யாணப்பெண் கோலத்தில் மூன்று நாள் திரிந்தது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? வேப்பெண்ணெய் வைத்தேன். ஜமேதார் ஒரே ஓட்டமாக ஓடி ஏரியில் விழுந்தது. திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனையிலும் வாய் திறக்காதவர் ஹயாத் பாஷா ஒருவர்தான். வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, இடது கையைப் பின்னால் தொங்கவிட்டு, எங்களைப் பாராமலே நிற்பார். நாய் அவர் பின்னால் போய் நிற்கும். ரொட்டி கேட்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. காவடியும் கூட்டமுமாக மலையடிவாரம் நிரம்பிவிடும் என்பதால், அதற்கு முன்னால் ஊரிலுள்ள நாய்களை ஒழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. வியாதி நாயைக் கொல்ல வேண்டும், நல்ல நாய்க்கு எஜமான் பெயரைப் பதிந்து கழுத்தில் தகர வில்லை கட்ட வேண்டும். இதை நிறைவேற்ற வந்தவர் சுகாதார இன்ஸ்பெக்டர் ஆறுமுகம். இவர் மூன்று வருஷமாக வாரம் இரண்டு முறை எங்கள் பஸ்ஸின் முன்சீட்டில் இலவசமாக ஏறி ஆர்.கே.பேட்டையின் சுகாதாரத்தைப் பார்த்து வந்தவர். ஆர்.கே.பேட்டை அப்படியே இருந்தது. இவர் உடம்புதான் நன்றாகத் தேறியது.

ஜமேதாரின் மூக்கை அவர் ஐந்தடி தூரத்தில் நின்றே பரிசோதித்தார்.

"வெறிதான். சந்தேகமே இல்ல. எழுதிக்கிறேன்."

"அது யாரையும் கடிக்கலியே சார்" என்றேன்.

"கடிச்சப்பறம் எழுதறதுக்கு நான் எதுக்குய்யா? மூக்கப் பாரு. நல்ல நாய்க்கு மூக்கு ஈரமா இருக்கும். இது வறட்டி மாதிரி கீது."

அப்போது பின்னாலிருந்து ஹயாத் பாஷா கேட்டார்: "மூக்கு ஈரமாயிட்டா வுட்டுடுவீங்களா?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஈரமாவட்டும் பாய், வுட்டுடறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கெழம நான் பேட்டைக்குப் போற நாளு. அன்னிக்கி பாக்கறேன். இப்டியே இருந்தா அன்னிக்கே முடிச்சுடுவாங்க."

எட்டு நாள். அவர் போனதும் ஹயாத் பாஷா கரி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் போனேன். ஆனால் என் வாயில் சமயத்துக்கு வருவது வேறு. "இன்னா பாய், ஒங்களுக்கு நல்லதுதானே? தொல்லை ஒழிஞ்சுதுன்னு நெனச்சுக்கங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும், கண்ணையா. வியாதியும் இல்ல, வெறியும் இல்ல. அடுப்புச் சூடு. இருவது வருஷம் ரொட்டி அடுப்பாண்ட நின்னவன் நான். என் மூஞ்சி இப்டிதான் வெடிக்கும். அடுப்ப வுட்டு தள்ளிக் கட்டினா பத்து நாள்ல சரியாப் பூடும்."

"தெரிஞ்சுகினே ஏன் சொல்லல?"

அவர் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "சக்கரம் சுத்தறப்போ அது பின்னால வந்து கையில மூக்க வெக்கும். காஞ்ச மூக்குதானே? காஞ்சது பட்டா ஒண்ணும் இல்ல. கழுவ வாணாம், துணி மாத்த வாணாம், அப்டியே தொழலாம். ஈரமாயிட்டா நான் அத தொட முடியாதே. அதான் பேசாம இருந்துட்டேன். அதுக்கு வலிக்குதுன்னு தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."

நான் நாலு மாதமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரொட்டி கேட்கிறது என்று நினைத்த என் புத்திசாலித்தனத்தை எந்த உருளையில் போட்டு எரிப்பது?

அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டு சபையைக் கலந்துகொள்ளாமல் நடந்த ஒரே வைத்தியம் அது, பலித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவர் செய்தது இவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மூக்கின் மேல் போட்டு, பொருக்கு இளகும் வரைக்கும் வைத்திருப்பார். பிய்த்து எடுக்க மாட்டார். ஈரம் ஒற்றி எடுத்த பிறகு தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டு வெடிப்பில் தடவுவார். காலை, மதியம், மாலை மூன்று வேளை.

எண்ணெய்க்கு எங்கே போவது? அஸ்கரி பேகத்தின் தலைக்கு வாங்கி வைத்திருந்தது அரைக் கிண்ணம் இருந்தது. வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு திட்டித் தீர்த்தார்கள்.

"எனக்கு தலை காஞ்சி கெடக்குது, நாய் மூக்குக்கு எண்ணெயா? அந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுப் போச்சி!" திட்டு முடிந்ததும் கதவிடுக்கில் கிண்ணம் வந்தது. கூடவே கிழிந்த மல் துணி ஒன்றும் வந்தது. "இதுவும் எடுத்துகினு போ. அவரு சொரசொரப்புத் துணி போட்டு தேய்ச்சி வெப்பாரு. அதுக்கு வலிக்கும்."

முதல் நாள் ஒரு சங்கடம். எண்ணெய் தடவிக் கையை எடுப்பதற்குள் ஜமேதார் நாக்கை நீட்டி எல்லாவற்றையும் வழித்து விழுங்கியது. தேங்காய் எண்ணெய் பார்த்து எத்தனை நாளோ, பாவம். இன்னும் கொஞ்சம் என்று எங்களைப் பார்த்தது. எண்ணெய் ஊறும் வரைக்கும் பத்து நிமிஷம் யாராவது அதன் வாயை மூடிப் பிடித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. நான் பிடித்தேன், உறுமியது. வேப்பெண்ணெயை அது மறக்கவில்லை. சேட்டு பிடிப்பதாவது, அவன் அப்போது பஸ்ஸின் மேலே ஏறி நின்றிருந்தான்.

ஹயாத் பாஷா தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதன் வாயை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். அது ஆடாமல் அசையாமல் கிடந்தது. அவர் அதனோடு உருதுவில் பேசிக்கொண்டே இருந்தார். ரொட்டிக் கிடங்கைப் பற்றியோ மகளைப் பற்றியோ, எனக்குப் புரியவில்லை. இரண்டு வருஷத்தில் என்னிடம் பேசியதைவிட அந்தப் பத்து நிமிஷத்தில் அதனிடம் அதிகம் பேசினார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முடிந்ததும் எழுந்து, எச்சில் பட்ட இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். அந்தக் கையால் கயிற்றைத் தொடக்கூடாது. அதனால் தண்ணீர் சேந்தி ஊற்றுவது என் உத்தியோகம் ஆயிற்று. ஏழு தடவை. நடுவில் நான் எண்ணிக்கை விட்டுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. பிறகு கைலி மாற்றுவார், பழையதைத் துவைப்பார், தொழுவார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, எட்டு நாள். கண்டக்டர் வேலையில் எனக்கு இவ்வளவு தோள்வலி வந்ததில்லை.

பஸ் ஓடும்போது நாயை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. ஷெட்டில் கட்டினால் மதிய வேளை வைத்தியம் தவறும். பின்னால் உட்கார வைத்தால் உருளையின் சூடு. ஆகவே வண்டியிலேயே குளிர்ந்த இடமான டிரைவர் பக்கத்து முன்சீட்டு ஜமேதாருக்கு ஒதுக்கப்பட்டது. அது காற்றுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு, மேட்டில் ஜனங்கள் தள்ளும்போது இறங்காமல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சீட்டின் பழைய பிரமுகர்களுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சேட்டு இரண்டு காலையும் மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, மிதிக்க வேண்டியபோது மட்டும் இறக்கி ஓட்டினான்.

ஐந்தாம் நாள் பொருக்கு தானாக உதிர்ந்தது. ஏழாம் நாள் அடியில் கறுப்புத் தெரிந்தது, ஆனால் ஈரம் இல்லை. ஹயாத் பாஷா அன்று சாப்பிடவில்லை. அஸ்கரி பேகம் அனுப்பிய கிண்ணம் வழித்துத் துடைத்ததுபோல் காலியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் ஆறுமுகம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வழக்கம்போல் யாரையும் கேட்காமல் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பாதி உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தார்.

"யோவ், இத எவன்யா இங்க ஏத்தினது? எறக்கு!"

ஜமேதார் மரியாதை தெரிந்த நாய். வந்தவரை விசாரிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. கழுத்தை நீட்டி, இன்ஸ்பெக்டரின் பிடரியில் மூக்கை நன்றாக அழுத்தியது.

"ஐயயோ! ஈரம்! ஈரம்!" என்று அவர் அலறியது மலை மேல்வரைக்கும் கேட்டிருக்கும்.

இட்லிக் கூடையோடு நின்றிருந்த பாஞ்சாலி கையைத் தட்டினாள். "ஆங், கேட்டுக்கங்க எல்லாரும்! ஈரம்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் துண்டால் பிடரியைத் துடைத்து, துண்டைப் பார்த்து, நாயைப் பார்த்தார். சாட்சி அவர் கழுத்திலேயே இருந்தது, மறுக்க வழியில்லை. நோட்டை விரித்தார்.

"சரி, சரி. வில்ல கட்டணும்னா எஜமான் பேர் வேணும். யாரு நாயி இது?"

வைத்தியம் சொல்ல ஆறு பேர் வந்தோம், பெயர் கொடுக்க ஒருவரையும் காணோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளைக்கு எவனையாவது கடித்துவிட்டால் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

பின்னாலிருந்து தீக்கோலோடு ஹயாத் பாஷா வந்தார். "என் நாய்தான். ஹயாத் பாஷான்னு எழுதிக்கங்க."

"நீயா? ஒங்க ஆளுங்க நாய் வெச்சுக்க மாட்டீங்களே பாய்?"

"காவலுக்கு வெச்சுக்கலாம் சார். இந்த பஸ்ஸ காவல் காக்குது."

எங்கள் பஸ்ஸைத் திருட எந்த மடையன் வருவான் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். முன்சீட்டு காலியில்லாததால் அவர் அன்று பின்சீட்டில், உருளையை ஒட்டி உட்கார்ந்து பயணம் செய்தார். ஆர்.கே.பேட்டை போய்ச் சேர்ந்தபோது அவர் மூக்குதான் காய்ந்திருந்தது.

மறுநாள் முதல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜமேதார் கழுத்தில் தகர வில்லை. ஷெட்டின் மறுகோடியில், சூடு எட்டாத இடத்தில் அதற்கு ஒரு சாக்கு. ஹயாத் பாஷா சக்கரம் சுற்றினார். நாய் ஓடிவந்து வழக்கம்போல் அவர் பின்னால் நின்றது. இடது கை அங்கே இல்லை. அதை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். நாய் இந்தப் பக்கம் வந்து பார்த்தது, அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது. பிறகு போய்ச் சாக்கில் படுத்துக்கொண்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது வரவேயில்லை, படுத்த இடத்திலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பாடுபட்டு அந்த நாயைக் குணப்படுத்தியது யாருக்கு நல்லதாயிற்று என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நாலாம் நாள் நான் கொஞ்சம் முன்னதாகவே போனேன். ஹயாத் பாஷா கிணற்றடியில் நின்றிருந்தார். இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். ஜமேதார் அவர் காலடியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது, மூக்கு பளபளவென்று ஈரமாக இருந்தது.

"வந்துட்டியா கண்ணையா? கொஞ்சம் தண்ணி சேந்து ஊத்து."

"இன்னா பாய், காலங்காத்தால?"

"கரி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஷெட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். கரி மூட்டையின் வாய்த்தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை. கயிற்றை எடுத்து ஏழு வாளி சேந்தினேன்.